கிண்ணத்தார் பார்த்த பொருத்தம்

ரொறன்ரோவில் தொண்ணூறுகளில் கலியாணம் கட்டிய தமிழர்களில் பாதிப் பேருடைய தலைவிதி, மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் தீர்மானிக்கப்பட்டது. தீர்மானித்தவர் சாத்திரியாரும் அல்ல, ஐயரும் அல்ல. அங்கே சோறு அவித்துக்கொண்டிருந்த ஒருவர். மிச்சப் பாதிப் பேர் அவரைக் கேட்காமல் கட்டிக்கொண்டவர்கள். அவர்கள் வீட்டுக் கதைகளை எழுதினால் என்னை அடிக்க வருவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் கிண்ணத்தார். ஆரம்பத்தில் முகத்துக்கு நேரே 'அண்ணை' என்றும் முதுகுக்குப் பின்னால் 'கிண்ணத்தார்' என்றும் சொன்னோம். பிறகு முன்னும் பின்னும் ஒன்றாகிவிட்டது. என் கலியாணக் கார்ட்டின் உறையிலேயே 'உயர்திரு கிண்ணத்தார்' என்று எழுதித்தான் கொடுத்தோம். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஆள் கட்டை. வயது ஐம்பதை ஒட்டி. தலையில் வெள்ளைக் கடதாசித் தொப்பி. மூக்குக் கண்ணாடியில் எந்த நேரமும் சோற்று ஆவி படிந்திருக்கும். அதைத் துடைக்க நேரமில்லாமல் கண்ணாடிக்கு மேலாலேயே உலகத்தைப் பார்ப்பார். அப்படிப் பார்க்கும்போது வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எவருக்கும் கைகால் உதறும்.

அவர் வேலை செய்த கடை ஒரு தம்பதிக்குச் சொந்தம். கணவர் ஹவாய்த் தீவில் பிறந்த யப்பானியர். மனைவி யப்பானிலேயே பிறந்து வளர்ந்தவர். கடைக்கு இரண்டு பக்கம் இருந்தது. இடது பக்கம் மனைவியின் டொன்புரி, வலது பக்கம் கணவரின் போக்கே. இரண்டுமே கிண்ணத்தில் சோறு போட்டு, அதன் மேல் கறி மாதிரி ஒன்றை வைத்துத் தருவதுதான். நடுவில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு பெரிய சோற்றுக் குக்கர். அந்தக் குக்கரும் அதைச் சுற்றியுள்ள கொஞ்ச நிலமும் கிண்ணத்தாரின் ஆட்சிக்கு உட்பட்டவை.

இன்றைக்கு ரொறன்ரோவில் தடக்கி விழுந்தால் ஒரு போக்கேக் கடைக்குள்தான் விழவேண்டும். அப்போது அந்தச் சொல்லையே நாங்கள் கேள்விப்பட்டதில்லை. பச்சைச் சூரை மீனைச் சதுரம் சதுரமாக வெட்டி, நல்லெண்ணெயும் சோயா சோசும் வெங்காயத்தாளும் கடற்பாசியும் போட்டுப் பிரட்டி, அப்படியே சோற்றின் மேல் கொட்டித் தருகிறார்கள் என்று சொன்னதும், ரெக்ஸ்டேல் பேஸ்மென்றில் என்னோடு அறையைப் பகிர்ந்த கேதீஸ், "ஏன், அடுப்புப் பழுதாமோ?" என்று கேட்டான்.

டொன்புரி அவனுக்கு விளங்கியது. அது வெந்த சாப்பாடு. கோழி இறைச்சியும் வெங்காயமும் மீன் சாற்றில் கொஞ்சம் இனிப்பாக அவியும்; அதன் மேல் முட்டையை அடித்து ஊற்றி, அது முழுக்க இறுகுமுன் தூக்கிச் சுடுசோற்றின் மேல் விடுவார்கள். சாறு தன்பாட்டில் கீழே இறங்கிச் சோற்றை நனைக்கும். அதைக் கிண்டக்கூடாது. மேலிருந்து கீழே நேராக அள்ளி, ஒரு வாய்க்கு மேலும் கீழும் கொஞ்சம் வருமாறு சாப்பிடவேண்டும். போக்கேயை அப்படிச் சாப்பிட்டால் மேலே உப்பும் கீழே சப்புமாக இருக்கும். அதை நன்றாகக் கிண்டிக் குழைக்கவேண்டும்.

கிண்ணத்தார் இதை எனக்கு முதல் நாளே விளக்கினார்.

"தம்பி, டொன்புரி எண்டது நீங்கள் இருக்கிற வீடு மாதிரி. மேல வீட்டுக்காரன், கீழ பேஸ்மென்ற்காரன். மேல ஆள் குளிச்சால் கீழ ஒழுகும். ஒழுகட்டும். ஆனா ஒராளின்ர படியில மற்ற ஆள் ஏறக்கூடாது. அது அடுக்கு. போக்கே எண்டது கலியாண ஹோல். ஆர் ஆருக்குப் பக்கத்தில இருக்கினம் எண்டு கலியாண வீட்டுக்காரனுக்கே தெரியாது. அது குழையல்."

விளக்கத்தோடு விட்டால் பரவாயில்லை. டொன்புரியை யாராவது கிண்டினால் கவுன்ரரைச் சுற்றிக்கொண்டு ஓடி வருவார். "சேர்! நோ மிக்ஸ், சேர்!" ஒருநாள் கோட்டும் ரையும் போட்ட ஒரு வங்கிக்காரர், வெள்ளைக்காரர், ஆறடி உயரம், கிண்டியே தீருவேன் என்று நின்றார். கிண்ணத்தார் அவருடைய கரண்டியின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் கரண்டியை இழுத்தார்கள். கடைசியில் வங்கி தோற்றது. அதே போல் போக்கேயைக் கிண்டாமல் மேலே உள்ள மீனை மட்டும் பொறுக்குபவர்களின் தலைமாட்டில் வந்து நின்று, அவர்கள் கிண்டும்வரைக்கும் பெருமூச்சு விடுவார்.

இதிலிருந்து கலியாணத்துக்கு எப்படிப் போனார் என்று கேட்பீர்கள். மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு முதலாளியும் முதலாளியம்மாவும் ஒரு மேசையில் எதிரும் புதிருமாக இருந்து சாப்பிடுவார்கள். அவர் தன் போக்கேயை மண் குழைப்பது போல் குழைப்பார். அம்மா தன் டொன்புரியை ஒரு பக்கமாக அளந்து அளந்து எடுப்பார். அவர் கிண்டுவதைப் பார்த்து அம்மா முகம் சுளிப்பார். அம்மா எடுப்பதைப் பார்த்து அவர் கண்ணை மேலே உருட்டுவார். இரண்டு பேரும் ஆளை ஆள் பார்த்து நொட்டை சொல்லிச் சொல்லியே கிண்ணத்தை வழித்துத் துடைப்பார்கள். குக்கருக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்று இதைப் பார்த்த கிண்ணத்தாருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

மனிதரில் இரண்டே ரகம்: குழையல், அடுக்கு. இதுதான் அந்த ஞானம். குழையல்காரர் ஆத்திரக்காரர், மன்னிக்கிறவர், வாயில் ரகசியம் நிற்காது. அடுக்குக்காரர் பொறுமைசாலி, நல்லதைக் கடைசிக்கு வைப்பவர், வன்மத்தையும் கடைசிக்கு வைப்பவர். ஒரு வீட்டில் ரகத்துக்கு ஒன்று இருக்கவேண்டும். இரண்டும் குழையல் என்றால் வீடு சந்தை. இரண்டும் அடுக்கு என்றால் வீடு வாசிகசாலை.

சோதனை எளிமையானது. மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். ஒருவருக்கு டொன்புரி, மற்றவருக்குப் போக்கே. பாதியில் கிண்ணத்தை மாற்றி வைப்பார். டொன்புரியையும் கிண்டுகிறவர் பிறவிக் குழையல். போக்கேயையும் கிண்டாதவர் பிறவி அடுக்கு. அவர்கள் இரண்டு பேரும் சாப்பிடத் தொடங்கும்வரை மேசையில் வேறு எவரும் எதையும் தொடக்கூடாது. தொட்டால் தொற்றிக்கொள்ளும் என்பார்.

சிரிக்காதீர்கள். அவர் சொன்னவை பலித்தன. சாதகத்தில் எல்லாப் பொருத்தமும் இருந்த ஒரு சோடியை, "வேண்டாம், ரெண்டும் அடுக்கு" என்றார். கேட்காமல் கட்டி வைத்தார்கள். இன்றுவரை அந்த வீட்டில் சண்டை இல்லை, பேச்சும் இல்லை. ஒரே ஒரு முறை பிழைத்தது. சரிவராது என்று அவர் சொன்ன சோடி, பிள்ளை குட்டிகளோடு கோயிலில் சிரித்துக்கொண்டு நிற்பதைக் காட்டி அவரை மடக்கினோம். அசையவில்லை. "அந்தப் பெடியன் அண்டைக்குப் பல்லுக்கொதியோட வந்தவன். கிண்ட ஏலாமக் கிடந்தது. அது என்ர பிழையோ, பல்லின்ர பிழையோ?" என்றார்.

ஏமாற்றவும் முடியாது. மகன் குழையல் என்று தெரிந்த ஒரு தாய், பொம்பிளையும் குழையல் என்று உளவறிந்து, மகனைக் கிண்டாமல் சாப்பிட வீட்டிலேயே பழக்கிக் கூட்டிவந்தா. கிண்ணத்தார் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வைதான் பார்த்தார். "அம்மா, உங்கட மகன் கரண்டியைச் செத்த பாம்பைத் தூக்கிற மாதிரித் தூக்கிறார். இது பழக்கிவிட்ட கை. வீட்டை கூட்டிக்கொண்டு போய் அவிட்டு விடுங்கோ."

கதை இப்படிச் சிரிப்பாக இருந்ததெல்லாம் என் முறை வரும்வரைக்கும்தான்.

வதனியும் நானும் கொம்பியூட்டர் வகுப்பில் பழகி, கட்டினால் ஒருவரையொருவர் என்று முடிவெடுத்திருந்தோம். வதனியின் அப்பா ஊரில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரம் என்றால் நேரம், பச்சைக் கொடி என்றால் பச்சைக் கொடி. சாதகம் பார்த்த சாத்திரியார் 'மத்திமம்' என்று வழுக்கிவிட்டார். அது பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. இதற்கிடையில் ஒஸ்லோவில் ஒரு மாப்பிள்ளை, சொந்த வீட்டுக்காரர், மறுமொழிக்குக் காத்திருந்தார். அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை கிண்ணத்தார் பாக்கட்டும். அவர் ஓமெண்டால் ஓம். இல்லையெண்டால் ஞாயிற்றுக்கிழமை ஒஸ்லோவுக்கு ரெலிபோன் எடுக்கிறன்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் வதனி ரெலிபோனில் வந்தாள். குரலைத் தாழ்த்தி, "நீங்கள் என்ன ரகம்?" என்றாள்.

"என்னைப் பாத்தாத் தெரியேல்லையோ? குழையல்."

"ஐயோ," என்றாள்.

"வதனி? நீர் என்ன ரகம்?"

"நானும் அதுதான். சொதியையும் தயிரையும் ஒண்டா விட்டுக் குழைக்கிறனான்."

"அப்ப ஒராள் மாறவேணும். நான் மாறுறன்."

"உங்களால ஏலாது. உங்களைக் கன்ரீனில பாத்தனான். நான் மாறுறன்."

"இல்லை, நீர் குழையும். நான்..."

"சொல்லுறதைக் கேளுங்கோ, நான்தான்..."

கிளிக் என்று ஒரு சத்தம். அவர்கள் வீட்டு மற்றத் தொலைபேசியை யாரோ தூக்கினார்கள். "ஆரது?" என்றது வதனியின் அம்மாவின் குரல். "ரோங் நம்பர்," என்றாள் வதனி. வைத்துவிட்டாள்.

யார் மாறுவது என்று முடிவாகவில்லை. இரண்டு பேரும் மாறினால் இரண்டும் அடுக்கு, வாசிகசாலை. இரண்டு பேரும் மாறாவிட்டால் சந்தை. எப்படிப் பார்த்தாலும் ஒஸ்லோ. திரும்ப நான் எடுத்தால் அம்மா தூக்குவா. கேதீசிடம் சொன்னேன். அவன் யோசித்தான்.

"நீ குழை, மச்சான். அவ தான் மாறுறன் எண்டு சொன்னவதானே."

"நானும் மாறுறன் எண்டு சொன்னனான். அதை நம்பி அவளும் குழைச்சால்?"

"அப்ப நீ மாறு."

"அவளும் இதே மாதிரி யோசிச்சு மாறினால்?"

கேதீஸ் போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் மூடிக்கொண்டான். "விசரா, சாப்பாட்டைக் கண்டால் சாப்பிடு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சனிக்கிழமை பனிச் சகதிக்குள் பஸ் மாறி மாறி மில்லிக்கன் போய்ச் சேர்ந்தோம். என் பக்கத்துக்கு உறவு என்று கேதீஸ் வந்தான். அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து இருந்தார்கள். ஆறு பேர் இருக்கும் மேசை. கதிரைகள் மேசையோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை, பின்னால் தள்ளி எழும்பி ஓடவும் வழியில்லை. எனக்கு நேர் எதிரே வதனி. பக்கத்தில் அம்மா. என் பக்கம் கேதீஸ். ஓரத்தில் அப்பா, அவருக்கு எதிரே ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. அப்பா கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். நீரிழிவுக்காரர், எங்கள் பேச்சில் சீனி வருத்தம். காலையில் ஊசி போட்டுவிட்டு, இங்கே வந்து சாப்பிடலாம் என்று வெறும் தேநீரோடு புறப்பட்டிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கிண்ணத்தார் தட்டோடு வந்தார். என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவர் நீதிபதி. எனக்கு முன்னால் டொன்புரியை வைத்தார். முட்டை மஞ்சளாகத் தளதளத்தது, ஆவி பறந்தது. வதனிக்கு முன்னால் போக்கே. மீன் துண்டுகள் சிவப்புச் சிவப்பாக எண்ணெயில் மின்னின. மற்றவர்களுக்கு உரியதை ஓரமாக மூடி வைத்துவிட்டு, "தொடங்குங்கோ," என்று சொல்லிப் பக்கத்து மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

நான் கரண்டியை எடுத்தேன். வதனியும் எடுத்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். அவள் கிண்டினால் நான் அள்ளலாம். அவள் அள்ளினால் நான் கிண்டலாம். அவள் தொடங்கட்டும் என்று நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அதே நேரம் அவளும் வைத்தாள். சரி, நானே தொடங்குவோம் என்று எடுத்தேன். அவளும் எடுத்தாள். திரும்ப வைத்தோம்.

"ஏன் பிள்ளை, சாப்பிடன்," என்றா அம்மா.

"அவர் முதல்ல சாப்பிடட்டும், அம்மா."

"இல்லை, அவ சாப்பிடட்டும்," என்றேன் நான். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மேசைக்கு அடியில் கேதீஸ் என் காலில் உதைத்தான். கிண்ணத்தார் பக்கத்து மேசையில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். கவுன்ரருக்குப் பின்னால் முதலாளி கத்தியைக் கீழே வைத்துவிட்டார். முதலாளியம்மா எட்டிப் பார்த்தா. டொன்புரியின் ஆவி மெலிந்து மெலிந்து நின்றுபோனது. முட்டை இறுகியது. போக்கேக்கு அடியில் சோறும் குளிர்ந்திருக்க வேண்டும். வதனியின் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கன்னத்தில் வியர்வை இறங்கியது. ஒஸ்லோவில் சொந்த வீட்டில் ஒருத்தன் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

அப்போது இன்னொருவருக்கும் வியர்ப்பதைக் கண்டேன். அப்பாவின் நெற்றி முழுக்க முத்து முத்தாக நீர். மேசையில் வைத்திருந்த கை நடுங்கியது.

"எனக்கு... ஒரு மாதிரி வருது," என்றார்.

"ஐயோ, இஞ்சேருங்கோ! சீனி இறங்குது!" என்று அம்மா அலறினா.

கேதீஸ் ஒரேஞ்சு யூஸ் வாங்க ஓடினான். ஆனால் அப்பாவின் உடம்பு கேதீசுக்காகக் காத்திருக்கவில்லை; மூடி வைத்த தன் கிண்ணத்தைத் திறக்கவும் பொறுக்கவில்லை. அவர் என் டொன்புரியை இழுத்தார். வதனியின் போக்கேயை இழுத்தார். இரண்டையும் பிளாஸ்ரிக் தட்டில் ஒன்றாகக் கவிழ்த்தார். அவித்த கோழி, பச்சை மீன், முட்டை, கடற்பாசி, இரண்டு சோறு எல்லாவற்றையும் வலது கையால் சேர்த்து ஒரு குழை குழைத்தார். வீட்டில் சட்டியில் கடைசியாக மிஞ்சிய கறிகளைப் போட்டுச் சோறு குழைக்கும் அதே குழையல். வாயில் அள்ளிப் போட்டார். கேதீஸ் கொண்டுவந்த யூசை வதனி அவர் வாயில் பிடித்தாள். குடித்தார். திரும்பவும் அள்ளிப் போட்டார்.

ஹவாய் முதலாளி தலையில் கை வைத்தார். முதலாளியம்மா வாயில் கை வைத்தா. அந்தக் கடை திறந்த நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒரே கருத்தில் நின்றது அந்த ஒரு நிமிடம்தான் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் முகத்தில் இரத்தம் திரும்பியது. நடுக்கம் நின்றது. ஆனால் கை நிற்கவில்லை. யாழ்ப்பாணத்து அப்பா ஒருவர் சோறு குழைத்துவிட்டால் தான் மட்டும் சாப்பிட அவருக்குத் தெரியாது. ஒரு உருண்டை பிடித்து, "இந்தா பிள்ளை," என்று வதனிக்கு நீட்டினார். அவள் உள்ளங்கையை ஏந்தினாள். அடுத்ததை, "இந்தாரும்," என்று எனக்கு. நானும் ஏந்தினேன். அம்மாவுக்கு ஒன்று, கேதீசுக்கு ஒன்று. சாப்பாட்டுக் கூடத்தில் சீனர்கள், குஜராத்திகள், வெள்ளைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்க, நாங்கள் ஆளுக்கொரு கையை நீட்டிக்கொண்டு இருந்தோம். பச்சை மீன் என்று கேதீசுக்கு நினைவு வரவில்லை. "நல்லாக் கிடக்கு," என்றான்.

கிண்ணத்தார் துடைக்கிற சீலையோடு நின்ற இடத்திலேயே நின்றார். அவருடைய அடுக்கும் குழையலும் ஒரே தட்டில் கிடந்தன. சோதனை கெட்டது. தீர்ப்பும் போச்சு.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "என்ன கிண்ணத்தார், பாத்துக்கொண்டு நிக்கிறீர்? இதில இரும். கையை நீட்டும்."

"நான் வேலையில நிக்கிறன், அண்ணை."

"இரும் ஐசே!" அது ரயிலை நிறுத்துகிற குரல்.

வெறுமையாகக் கிடந்த கதிரையில் கிண்ணத்தார் இருந்தார். கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, நீட்டினார். அவர் சாப்பிடுவதை அதுவரை எங்களில் ஒருவரும் கண்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் உள்ள கை எல்லாவற்றையும் அளந்த மனிதர், எப்போது சாப்பிடுகிறார், எப்படிச் சாப்பிடுகிறார் என்று யாருக்கும் தெரியாது. உருண்டையை மெதுவாகச் சாப்பிட்டார்.

அப்பாவுக்கும் அதே யோசனை வந்திருக்க வேண்டும். "எல்லாருக்கும் ரகம் சொல்லுறீர். நீர் என்ன ரகம்?"

கிண்ணத்தார் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "தெரியாதண்ணை. நான் குக்கருக்குப் பக்கத்தில நிண்டபடி சாப்பிடுறனான். முன்னால ஆராவது இருந்தால்தானே தெரியும்."

அம்மா இன்னொரு உருண்டையை எடுத்து அவர் கையில் வைத்தா.

"சரி, விசயத்துக்கு வாரும்," என்றார் அப்பா. "இவையள் ரெண்டு பேருக்கும் பொருத்தமோ, இல்லையோ? நாளைக்கு நான் ஒஸ்லோவுக்குச் சொல்லவேணும்."

கிண்ணத்தார் என்னைப் பார்த்தார். பிறகு வதனியை. கண்ணாடிக்கு மேலால்தான்.

"அண்ணை, இதுகள் ரெண்டும் மற்ற ஆள் தொடங்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்ததுகள். சாப்பாடு ஆறி விறைச்சுப் போச்சு. அப்பவும் தொடங்கேல்லை. இது அடுக்குமில்லை, குழையலுமில்லை. இப்பிடி ஒரு ரகத்தை நான் காணேல்லை."

"அப்ப?"

"அப்ப என்ன, கட்டிக் குடுங்கோ. வயித்துக்கு மட்டும் நீங்கள்தான் கவனம் எடுக்கவேணும். விட்டால் ரெண்டும் பட்டினி கிடந்து செத்துப்போகுங்கள்."

அப்பா யூசின் கடைசி மிடறைக் குடித்துவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்து, "சரி," என்றார். அதுதான் பச்சைக் கொடி. வதனி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் கிண்ணத்தாரின் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. "கையைக் கழுவிப்போட்டு வந்து பிடி, தம்பி," என்று அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

கலியாணம் முடிந்து, ஸ்காபரோவில் ஒரு சின்ன அப்பார்ட்மென்ற் எடுத்து, முதல் ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தாரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். தொப்பி இல்லாமல் வந்தார். அது இல்லாமல் தலை இவ்வளவு சின்னதா என்று இருந்தது. வதனி சோறும் மீன் குழம்பும் கத்தரிக்காயும் சொதியும் வைத்தாள். மூன்று பேரும் இருந்தோம். விருந்தாளி தொடங்கட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் தொடங்கவில்லை. எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்கோ, அண்ணை," என்றாள் வதனி.

"நீங்கள் தொடங்குங்கோ, பிள்ளை."

"இல்லை, நீங்கள்."

"இல்லையில்லை, நீங்கள்."

சோறு ஆறியது. சொதியில் ஆடை படர்ந்தது. வதனிதான் முதலில் சிரித்தாள். "அண்ணை, நீங்களும் எங்கட ரகம்!"

கிண்ணத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அங்கே ஆவி ஒன்றும் இல்லை. "அப்ப எனக்கும் ஒரு ரகம் இருக்கு," என்றார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவருக்கு எங்கள் வீட்டில்தான். இப்போது அவருக்கு வயதாகிவிட்டது, முழங்கால் பிடிக்கிறது. காரில் வந்து ஏற்றுகிறேன் என்றால் கேட்கமாட்டார், பஸ்ஸில்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமைப் பஸ் அது நினைத்த நேரம்தான் வரும். சோறு ஆறிப்போகிறது என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். ஆறட்டும். அவர் வந்து முன்னால் இருக்கும்வரை எங்கள் வீட்டில் ஒருவரும் கை வைப்பதில்லை.